சட்டையைக் கழற்றிப் பார்த்தீர்களா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் போலீஸைப் பற்றியவை. அதனால் வாடகை, பட்டா, பாகப்பிரிவினைக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தென் மாவட்டங்களில் மூன்று ஊர்களில் 14 வருடம் குற்றவியல் நடுவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான்.

செயின் பறிப்பவன், கஞ்சா விற்பவன், அரிவாளோடு திரிபவன் பிடிபட்டால் கையில் மாவுக்கட்டோடு போட்டோ வருகிறது. ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்’ என்கிறார்கள். எங்கள் தெருவில் எல்லாருக்கும் சந்தோஷம்தான். கோர்ட்டுக்குப் போனால் பத்து வருடம் இழுக்கும். மாவுக்கட்டிலும் என்கவுன்ட்டரிலும் என்ன தப்பு?
*— ஒரு வாசகர், திருப்பூர்*

என் அக்காவின் தாலிச் செயினைப் பட்டப்பகலில், பால் பூத் வாசலில் வைத்து அறுத்துக்கொண்டு போனார்கள். கழுத்தில் கத்தியால் கீறினாற்போல ஒரு கோடு. ஆறு மாதம் அவள் தனியாக வாசலுக்குக்கூட வரவில்லை. அந்த வாரத்தில் எவனாவது பிடிபட்டு, அவன் கையை ஒடித்துவிட்டார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் நானும் சந்தோஷப்பட்டிருப்பேன். உங்கள் தெருவின் கோபம் எனக்குப் புரிகிறது.

ஆனால் ‘இவன்தான் அவன்’ என்று முடிவு செய்தது யார்? 2025 ஜூன் கடைசியில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலில் காவலாளியாக இருந்த அஜித்குமாரைப் பிடித்துக்கொண்டு போனவர்களும் ‘இவன்தான் அவன்’ என்றுதான் நினைத்தார்கள். 27 வயது. கோயிலுக்கு வந்த ஒருவர் காரில் வைத்திருந்த நகையைக் காணோம் என்று சொன்னார், அவ்வளவுதான். எஃப்ஐஆர்கூட இல்லாமல் தனிப்படை விசாரணை நடந்தது. உடலில் 44 காயங்கள். கொலை செய்பவன்கூட இப்படித் தாக்கமாட்டான் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் மனம் நொந்து சொன்னார்கள். ஐந்து காவலர்கள் கைதாகி, வழக்கு சிபிஐக்குப் போனது. அந்தப் பையன் பிழைத்து, கையில் மாவுக்கட்டோடு அவன் போட்டோ செய்தித்தாளில் வந்திருந்தால் நம் தெருவில் என்ன பேசியிருப்போம்? ‘நகைத் திருடனுக்கு நல்லா வேணும்’ என்றுதானே? அந்த போட்டோவில் இருப்பவன் திருடனா, கோயில் காவலாளியா என்று பார்த்தவுடன் நமக்குத் தெரியாது. அடிப்பவருக்கும் தெரியாது.

என்கவுன்ட்டருக்கு வருகிறேன். 2019-இல் ஹைதராபாத்தில் கால்நடை மருத்துவரான ஒரு பெண்ணைச் சீரழித்துக் கொன்ற வழக்கில் பிடிபட்ட நான்கு பேரை டிசம்பர் 6 விடிகாலையில் சுட்டார்கள். மக்கள் போலீஸார் மேல் பூத் தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-இல் அறிக்கை கொடுத்தது. தப்பி ஓடினார்கள், துப்பாக்கியைப் பிடுங்கினார்கள் என்ற கதையை நம்ப முடியாது, கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்று அதில் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது: நால்வரில் மூவர் 18 வயது நிரம்பாதவர்கள். அவர்கள்தான் குற்றம் செய்தார்களா என்பதை இனி எந்தக் கோர்ட்டும் தீர்மானிக்க முடியாது. அந்தப் பெண்ணைப் பெற்றவர்களுக்கும் அந்த உறுதி கிடைக்காமலே போயிற்று.

கோர்ட் இழுக்கிறது என்பது உண்மை. நானே இழுத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு 70, 80 வழக்குக் கட்டுகள் மேசைக்கு வரும். தடய அறிவியல் அறிக்கைக்கு மாதக்கணக்கில் காத்திருப்போம். அதைச் சரிசெய்யச் சொல்லி நீங்கள் சண்டை போட்டால் முதல் ஆளாக நான் கூட நிற்பேன்.

போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்கிறார்கள். செல்லாத ஒன்றுக்காக எதற்கு இப்படி அடிக்கிறார்கள்?
*— ஓர் ஆசிரியை, மதுரை*

இத்தனை கடிதங்களில் என்னை நெடுநேரம் உட்கார்ந்து யோசிக்க வைத்த கேள்வி இது. பதிலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்திலேயே, போலீஸிடம் ஒப்புக்கொண்டதை வைத்து யாரையும் தண்டிக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். 25, 26-ஆம் பிரிவுகள். அடித்துத்தான் வாங்குவார்கள் என்பது வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருந்தது. ஆனால் அடுத்த 27-ஆம் பிரிவில் ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்தார்கள். ஒருவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருளைக் காட்டிக்கொடுத்த அளவுக்கு மட்டும் அவர் பேச்சைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம். 2024 ஜூலையிலிருந்து சட்டத்தின் பெயர் மாறிவிட்டது. மூன்றையும் சேர்த்து 23-ஆம் பிரிவாக்கிவிட்டார்கள். கதவு அப்படியே இருக்கிறது.

அந்தக் கதவுக்குப் பெயர் ‘ரெக்கவரி’. கிரிமினல் கோர்ட்டில் ஒரு வாரம் உட்கார்ந்தால் உங்களுக்கே அந்த வாசகம் மனப்பாடம் ஆகிவிடும்: ‘என்னை அழைத்துச் சென்றால் மறைத்து வைத்த இடத்தைக் காட்டி எடுத்து ஆஜர்படுத்துகிறேன்.’ பிறகு மகஜர், அதாவது பொருளைக் கைப்பற்றிய விவரம் எழுதிய தாள். விஏஓவும் தலையாரியும் சாட்சிக் கையெழுத்து. நூறு வழக்குகளில் நூறு பேரும் ஒரே வாக்கியத்தை ஒரே மாதிரி பேசியிருப்பார்கள். படிக்காதவரும் ‘ஆஜர்படுத்துகிறேன்’ என்று சொல்லியிருப்பார். ஆரம்பத்தில் இதை நான் கவனிக்கவே இல்லை. மூன்றாவது வருடத்தில்தான் உறைத்தது.

மாதா மாதம் எஸ்பி நடத்தும் கிரைம் மீட்டிங்கில் இன்ஸ்பெக்டரை எழுப்பி நிறுத்திக் கேட்பது எத்தனை வழக்கு, எத்தனை பவுன் மீட்பு என்றுதான். கைரேகை எடுத்தாயா, செல்போன் டவர் விவரம் பார்த்தாயா என்ற கேள்விக்கு அங்கே அவ்வளவு மரியாதை இல்லை. மேலேயிருந்து பவுன் கணக்கு வரும், கீழே ஒரு பையனின் உள்ளங்காலில் லத்தி விழும். நகை வழக்குகளிலேயே இது அதிகம் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். மடப்புரமும் நகை விவகாரம்தான்.

அடி விழும் நேரம் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கைது காட்டிய பிறகு பெரும்பாலும் அடிக்க மாட்டார்கள். அதற்கு முன்னால்தான். திங்கள் இரவு தூக்கிக்கொண்டு போவார்கள், கைது மெமோவில் புதன் காலை 6 மணி, பேருந்து நிலையம் அருகில் என்று இருக்கும். நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை முழுசாகக் காணாமல் போயிருக்கும். எங்கேயாவது ஒரு தோப்பு, ஒரு பழைய கட்டடம். நிலையத்தின் பொது நாட்குறிப்பில் அந்த நாளைப் பற்றி ஒரு வரி இருக்காது. மடப்புரத்துக்குப் பிறகு, முறையான உத்தரவு இல்லாமல் இயங்கிய தனிப்படைகளைக் கலைக்கச் சொன்னார்கள். நல்ல உத்தரவு. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமையை எழுத வைக்காதவரை வேறு பெயரில் வேறு படை வரும்.

என் தம்பியை ‘ஒரு என்கொயரி, வந்துட்டுப் போ’ என்று ஸ்டேஷனிலிருந்து போனில் கூப்பிடுகிறார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. போக வேண்டுமா?
*— பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்*

போனில் கூப்பிட்டால் பயந்து தலைமறைவாக வேண்டாம், தனியாகவும் போக வேண்டாம். ‘எழுத்தில் சம்மன் கொடுங்கள், வருகிறேன்’ என்று பணிவாகச் சொல்லச் சொல்லுங்கள். சாட்சியாக அழைப்பதென்றால் பிஎன்எஸ்எஸ் என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-ஆம் பிரிவில் எழுத்து மூலம் அழைக்க வேண்டும். பெண்கள், 15 வயதுக்குட்பட்டவர்கள், 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், உடல் ஊனமுற்றவர்கள், கடுமையான நோயாளிகள் ஆகியோரை அவர்கள் வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும், நிலையத்துக்கு இழுக்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் என்றால் அதே சட்டத்தின் 35(3)-ஆம் பிரிவில் நோட்டீஸ்.

போகும்போது ஒரு வக்கீலையோ, ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த பெரியவரையோ அழைத்துப் போங்கள். மனு விசாரணை என்றால் சிஎஸ்ஆர் எண், அதாவது மனுவைப் பதிந்ததற்கான ரசீது எண் கேளுங்கள். உள்ளே போன நேரத்தையும், யார் கூப்பிட்டார் என்பதையும் உங்கள் வாட்ஸ்அப்பில் நாலைந்து பேருக்கு அனுப்பிவிடுங்கள். நான் மேலே சொன்ன காணாமல் போகும் செவ்வாய்க்கிழமைக்கு எதிராக உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி பல வேளைகளில் அதுதான்.

இரவாகியும் அனுப்பவில்லை என்றால் எஸ்பி அலுவலகத்துக்கும் ஊர் நடுவருக்கும் தந்தியடித்த காலம் போய்விட்டது. இப்போது மின்னஞ்சல் அனுப்பலாம், நேரம் அதிலேயே பதிவாகும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100 என்ற எண், இலவசச் சட்ட உதவி. கைது செய்தால் நேரமும் இடமும் போட்ட மெமோவில் உங்கள் குடும்பத்தில் ஒருவரோ, அந்தப் பகுதிப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. அந்த மெமோவில் நேரம் தப்பாக இருந்தால் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே சரியான நேரத்தை எழுதிவிடுங்கள். முறைப்பார்கள். பரவாயில்லை, எழுதுங்கள்.

என் கணவர் 16 வருடமாகக் காவலர். தீபாவளிக்கும் வீட்டில் இல்லை, பொங்கலுக்கும் இல்லை. விஐபி பந்தோபஸ்து என்றால் வெயிலில் எட்டு மணி நேரம் ஒதுங்க இடமில்லாமல் நிற்கிறார். யாரோ நான்கு பேர் செய்ததற்கு, பள்ளிக்கூடத்தில் என் மகனைப் பார்த்து ‘உங்க அப்பா ஆளைக் கொல்லுவாரா’ என்று கேட்கிறார்களாம். எங்களுக்காக ஒரு வரி எழுதுவீர்களா?
*— காவலர் குடியிருப்பு, திருச்சி*

ஒரு வரி போதாது, சகோதரி. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

என் கோர்ட்டில் பணியில் இருந்த ஏட்டு ஒருவர் தண்ணீரே குடிக்க மாட்டார். பந்தோபஸ்தில் நின்று நின்று வந்த பழக்கம். கடைசியில் சிறுநீரகத்தில் கல்லோடு படுத்தார். சங்கம் வைத்துக் கேட்கவும் அவர்களுக்கு உரிமை கிடையாது, 1966-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. தமிழகத்தில் காவலர்களுக்கு வார விடுப்பு என்று 2021-இல் அரசாணை வந்தது. அது உங்கள் வீட்டு வாசல் வரைக்கும் வந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.

உங்கள் மகனிடம் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள். 2020 ஜூன் 19-இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் அடித்தபோது அங்கே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். ஊரடங்கில் கடையை மூட நேரமானது என்பதில் தொடங்கிய விவகாரம். 22-ஆம் தேதி இரவு மகனும் மறுநாள் காலையில் தந்தையும் இறந்தார்கள். உயர் நீதிமன்றம் அனுப்பி விசாரிக்கப் போன நடுவரையே ஒரு காவலர் ஒருமையில் திட்டினார். நிலையத்தின் சிசிடிவி பதிவு ஒவ்வொரு நாளும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது. வெளியே சக காவலர்கள் நிற்கும்போது, பயந்து பயந்து, ஆனால் நடந்ததைச் சொன்னார் அந்தப் பெண். இரவு முழுக்க அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் ரத்தம் இருந்தது என்றார். மறுநாளிலிருந்து அவர் வீட்டுக்குப் பாதுகாப்புப் போட வேண்டியிருந்தது. அந்த வழக்கு நின்றதற்கு அவர் வாக்குமூலம் பெரிய காரணம். அவரும் காக்கிதான் போட்டிருந்தார்.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். ஒப்புக்கொள்ள வைப்பதற்காகக் காயப்படுத்தினால் புதிய தண்டனைச் சட்டமான பிஎன்எஸ் 120-ஆம் பிரிவில் ஏழு வருடம், கொடுங்காயம் என்றால் பத்து வருடம். ‘ஐயா சொன்னார்’ என்பது கூண்டில் ஏறிய பிறகு கைகொடுக்காது. அந்த அறையிலிருந்து வெளியே வந்து நிற்க அவருக்கு ஒருநாள் தேவைப்பட்டால், வீட்டில் நீங்கள் கூட நிற்பீர்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

2018 மே 22 அன்று நான் தூத்துக்குடிக் கலெக்டர் அலுவலகப் பக்கம் இருந்தவன். ஆணையம் அறிக்கை கொடுத்து வருடங்கள் ஆகிவிட்டன. சுட்டவர்களில் யாருக்கும் தண்டனை இல்லை. இனி எதற்கு ஆணையங்கள்?
*— ஒரு மீனவர், தூத்துக்குடி*

ஸ்டெர்லைட் போராட்டத்தின் நூறாவது நாள் அது. 13 உயிர்கள். கூட்டத்தைக் கலைப்பதற்குச் சட்டத்தில் படிப்படியாக வழி உண்டு. எச்சரிக்கை, கண்ணீர்ப் புகை, தடியடி, கடைசியில் வேறு வழியே இல்லை என்றால் முழங்காலுக்குக் கீழே. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. பூங்காவுக்குள் மறைந்து நின்று, ஓடிக்கொண்டிருந்தவர்களைச் சுட்டிருக்கிறார்கள் என்று அதில் இருக்கிறது. ஒரே காவலர் 17 ரவுண்டு சுட்டதையும் எழுதியிருக்கிறார்கள். 17 காவல்துறையினர் மேல் நடவடிக்கைக்குப் பரிந்துரை.

பரிந்துரை என்பதுதான் பிரச்சினை. விசாரணை ஆணையத்தால் யாரையும் தண்டிக்க முடியாது. அங்கே ஒருவர் சொன்னதை வைத்து அவர் மேலேயே வழக்கு நடத்தவும் சட்டம் இடம் தராது. வழக்கு என்று போனால் அரசின் முன் அனுமதி வேண்டும். முன்பு அந்த அனுமதிக் கடிதம் எந்த மேசையிலும் எத்தனை வருடமும் தூங்கலாம் என்றிருந்தது. இப்போது பிஎன்எஸ்எஸ் 218-ஆம் பிரிவில் 120 நாளுக்குள் முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். இதை வக்கீல்கள் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் வைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம், ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில். தமிழகம் 2013-இல் கொண்டுவந்த சட்டத்தில் தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர் டிஜிபி. ஒருவரைப் பற்றிய புகாரை அவருடைய மேலதிகாரியிடமே கொடுக்கச் சொல்கிறார்கள். இதை மாற்றாமல் அடுத்த ஆணையம் வைப்பதில் எனக்கும் நம்பிக்கை இல்லை.

ஆனால் ஐயா, வாச்சாத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் அந்த மலை அடிவாரக் கிராமத்தில் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 269 பேர் மேல் வழக்கு. தீர்ப்பு 2011-இல், அதற்குள் 54 பேர் இறந்திருந்தார்கள், மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள். 2023-இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது, அதற்கு முன் நீதிபதி அந்த ஊருக்கே போய்ப் பார்த்தார். 31 வருடம். அந்தப் பெண்கள் தர்மபுரிக் கோர்ட்டுக்கு எத்தனை முறை பஸ் ஏறியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. இப்படிக் காத்திருங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் விடவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஸ்டேஷன் கேமராப் பதிவை நாம் கேட்டு வாங்க முடியுமா?
*— கல்லூரி மாணவி, நாகர்கோவில்*

கேட்கலாம். 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி வாசல், லாக்கப், நடைபாதை, இன்ஸ்பெக்டர் அறை எல்லாவற்றிலும் ஒலியோடு கூடிய கேமரா வேண்டும். பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். தாமதிக்காமல் தேதி, நேரம் போட்டு ‘அழிக்காமல் பாதுகாக்கவும்’ என்று எஸ்பிக்கும் நடுவர் கோர்ட்டுக்கும் மனு கொடுங்கள். கேமரா ரிப்பேர் என்று பதில் வந்தால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். மனித உரிமை ஆணையத்துக்குப் போவதென்றால் சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள்.

அம்மா, சிவில் நீதிபதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். தேர்வானால் ஒரு நடுவராக இதில் என்ன செய்ய முடியும்?
*— சட்டக் கல்லூரி மாணவர், திருநெல்வேலி*

தம்பி, உங்களுக்கு நான் செய்த தப்பையே சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். ராத்திரி பதினொரு மணி, நல்ல மழை. குடியிருப்புக்கு ஒரு பையனைக் கொண்டு வந்தார்கள். 19 வயது. கிணற்று மோட்டார் திருட்டு. ரிமாண்ட் ரிப்போர்ட், கைது மெமோ, அரசு மருத்துவமனைச் சான்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. சான்றில் ‘புறக்காயம் இல்லை’ என்று இருந்தது. ‘போலீஸ் அடிச்சாங்களாப்பா?’ என்று கேட்டேன். எஸ்ஐ அவன் தோளுக்குப் பக்கத்தில் நின்றார். பையன் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ‘இல்லம்மா’ என்றான். பதினைந்து நாள் ரிமாண்ட். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் சிறையிலிருந்து போன். உள்ளே சேர்க்கும்போது சட்டையைக் கழற்றிப் பார்த்த சிறை மருத்துவர், முதுகு முழுக்கத் தடித்த கோடுகள், உள்ளங்கால்கள் வீங்கியிருக்கின்றன என்று பதிவு செய்திருந்தார். அவன் வாசலிலிருந்து என் மேசைக்கு நடந்து வந்த ஆறேழு அடிகளை நான் கவனித்திருந்தாலே போதும். நொண்டி நொண்டித்தான் வந்திருக்கிறான். நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாத்தான்குளத்தில் அந்த அப்பாவும் மகனும் இதே வழியில்தான் போனார்கள். அரசு மருத்துவமனை, நடுவர், அப்புறம் 100 கிலோமீட்டர் தள்ளிக் கோவில்பட்டிக் கிளைச் சிறை. ஒவ்வொரு வாசலிலும் ஒரு கையெழுத்து. ஏதாவது ஒரு வாசலில் யாராவது நின்று பார்த்திருந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கலாம். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மழையில் நின்ற அந்தப் பையன்தான் கண்ணில் நின்றான்.

அதற்குப் பிறகு நான் செய்தது இதுதான். கொண்டு வந்த காவலர்களைக் கேட்டுக்கு வெளியே நிற்கச் சொல்வேன். பையனை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பேன். ‘சாப்பிட்டியா? எப்போ கூட்டிட்டு வந்தாங்க? நேத்து ராத்திரி எங்கே தூங்கினே?’ இந்த மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலும் உண்மை வெளியே வரும், அடிச்சாங்களா என்று கேட்டால் வராது. பிறகு சட்டையைக் கழற்றித் திரும்பி நிற்கச் சொல்வேன், நாலடி நடக்கச் சொல்வேன். பெண் என்றால் பெண் மருத்துவரிடம் அனுப்புவேன். பார்த்ததை என் கையால் எழுதுவேன். கூடுதலாக இருபது நிமிடம் ஆகும். ‘அந்தம்மா ரிமாண்டுக்கு லேட் பண்ணுவாங்க’ என்று பேசிக்கொண்டார்கள். ஒரு வருடத்துக்குள் என் எல்லையில் இருந்த நிலையங்களிலிருந்து நொண்டிக்கொண்டு வருபவர்கள் குறைந்தார்கள். அடிப்பது நின்றதா, என்னிடம் கொண்டு வராமல் வேறு நாள் பார்த்தார்களா என்பது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

அந்தப் பையனை விடுதலை செய்து நானே தீர்ப்பு எழுதினேன். மோட்டார் அவனுடையதே, சித்தப்பாவோடு பாகத் தகராறு. தீர்ப்பு எழுதும்போது கட்டைப் புரட்டினேன். ரிமாண்ட் உத்தரவு இருந்தது, என் கையெழுத்தில்: ‘எதிரியை விசாரித்தேன். காவல்துறையினர் மீது குறை ஏதும் கூறவில்லை.’